தொட்டிலில் கட்டிய ஆந்தை இறகு

ராபிகா அண்ணி இறந்துபோய் இரண்டு மாதமாகிறது. எங்கள் கசாக் குடும்பங்களில் அண்ணிமார் கொழுந்தனைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ஒரு பட்டப்பெயர் வைத்துவிடுவார்கள். எனக்கு அவர் வைத்தது ஒட்டடைக்குச்சி. இப்போது என்னை அப்படிக் கூப்பிட ஆளில்லை.

பறவைகளின் உடம்பில் எவ்வளவு ஈயம் ஏறியிருக்கிறது என்று பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் அண்ணிக்கு வேலை. எங்கள் ஊர் ஆந்தைகள், மூடிக் கிடக்கும் ஈய ஆலையின் கசடு மேட்டில் இரவெல்லாம் எலி பிடிக்கும். குளிர்காலத்துப் பகலில் பூங்கா மரங்களில் கூட்டமாகத் தூங்கும். கீழே உதிரும் இறகுகளை அண்ணி சோதனைக்குப் பொறுக்கிவருவார். ஒரு தடவை அழகான இறகு ஒன்று மிஞ்சியது. பக்கத்து வீட்டுக் குல்யாஷ் அக்காவுக்கு அப்போதுதான் பேரன் பிறந்திருந்தான். எங்கள் வழக்கப்படி, கண்ணேறு படாமலிருக்கத் தொட்டிலில் ஆந்தை இறகு கட்ட வேண்டுமே. அண்ணியே கொண்டுபோய்க் கட்டிவிட்டார்.

சோதனை முடிவு கோடையில் வந்தது. பூங்கா இறகுகளில் ஈயம் எக்கச்சக்கம். பிள்ளையோ அதற்குள் எட்டியதையெல்லாம் வாயில் வைக்கும் பருவத்துக்கு வந்திருந்தான்.

நேரே போய்ச் சொல்லிவிடுங்கள் என்றேன். கட்டிய காப்பைக் கழற்றச் சொன்னால் பிள்ளைக்குக் கெடுதல் நினைப்பதாகிவிடும், குல்யாஷ் அக்கா மாவு தேய்க்கும் கட்டையைத் தூக்குவார் என்றார் அண்ணி.

"நீ வேணா போய்ச் சொல்லு. நீ ஒல்லி, அடி மேல படாது."

கடைசியில் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். தொட்டிலருகே குனிந்து, பிள்ளையின் வாய்க்குள் விரலை விட்டு ஈறு முழுக்கத் தடவினார். நிமிர்ந்தபோது முகத்தில் வெளிச்சம்.

"சூயின்ஷி, அக்கா. பேரனுக்குப் பல்லு முளைச்சிருக்கு."

நல்ல சேதி கொண்டுவந்தவர் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் கேட்டதைக் கொடுத்தே ஆக வேண்டும். என்ன வேண்டும் என்றார் குல்யாஷ் அக்கா. அண்ணி இறகைக் காட்டினார். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு அதை அவிழ்த்துக் கொடுத்தார்.

இறகு கைப்பைக்குள் போன பிறகுதான் அண்ணி உண்மையைச் சொன்னார், கட்டை எங்கே இருக்கிறது என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே. குல்யாஷ் அக்கா தேநீரை ஊற்றி நகர்த்தினார்.

"பல்ல நான் நேத்தே பாத்துட்டேன்டி. நீ வாய்க்குள்ள தேடுன தேடுதல்லயே, என்னமோ பண்ணிட்டு வந்திருக்கன்னு தெரிஞ்சுபோச்சு. ஆறுது, குடி."

மறுநாள் மூவருமாகப் பிள்ளையைத் தூக்கிப்போய் இரத்தம் சோதித்தோம். பயப்படும் அளவுக்கு எதுவுமில்லை. அதைக் கேட்ட பிறகுதான் குல்யாஷ் அக்கா திட்ட ஆரம்பித்தார். வீடு வரும்வரை நிறுத்தவில்லை. அண்ணி ஒரு வார்த்தைகூட எதிர்த்துப் பேசாமல் நடந்ததை நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.