படையலில் வைத்த சாராயம்

போன வருடம் அப்பாவின் திவசத்தன்று வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

குடியை விடுவதற்குச் சிகிச்சை எடுத்து நான் எங்கள் ஊரான வாகரைக்குத் திரும்பியிருந்த நேரம் அது. "வயிறு காய விடாதீங்க. பசிதான் குடிக்கிற ஆசையாத் திரும்பி வரும்" என்று சிகிச்சை நிலையத்துத் தாதி சொல்லித்தான் அனுப்பினார். ஆனால் திவசத்தில் படைத்து முடியும்வரை வீட்டில் யாரும் சாப்பிடக்கூடாது. மதியம் தாண்டியதும் எனக்குக் கை நடுங்கத் தொடங்கியது. காரணமே இல்லாமல் மனைவி மீது எரிந்து விழுந்தேன்.

படையலில் சோறும் நண்டுக்கறியும், அப்பா விரும்பிக் குடித்த சாராயமும் இருந்தன. அவரைக் கொன்றதே அந்தச் சாராயம்தான். படைத்து முடிந்ததும் சித்தப்பா அதைக் கிளாசில் ஊற்றி என்னிடம் நீட்டினார்.

"கொப்பருக்குப் படைச்சது. வேணாமெண்டு சொல்லப்படாது."

என் கையும் நீண்டுவிட்டது. அம்மா கிளாசைத் தட்டிவிட்டு, படையல் இலையையே இழுத்து என் முன்னால் வைத்தார்.

"அவரக் கொண்டுபோனது காணாதா? நீ சோத்தத் தின்னு மனே."

அழுதுகொண்டே அள்ளித் தின்றேன். பாதி இலை முடிவதற்குள் நடுக்கம் நின்றது. சாராயத்தின் நினைப்பும் அடங்கியது.

அப்பாவுக்கு நண்டுக்கறியும் உயிர். அதுவும் அதே படையலில்தான் இருந்தது. சித்தப்பாவின் கைக்கு அது மட்டும் ஏன் எட்டவில்லை?