பேய்களுக்கு எந்தப் பிரிவு?

“உயரமா, குட்டையா?” என்று கேட்டுவிட்டுப் பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றுகிறார் புகார் அக்கா.

எதிரே சைக்கிள் கடைக்காரர். தாட்டியான ஆள். அவர் உட்கார்ந்திருக்கும் ஸ்டூல் மட்டும் லேசாக நடுங்குகிறது. “உயரம்தான்க்கா. மரத்தளவு.”

“நின்னுச்சா, நடந்துச்சா?”

“நிக்கவுமில்ல, நடக்கவுமில்ல. ஆடிச்சு.”

அக்கா தலையை ஆட்டிக்கொண்டே ‘தெருவிளக்கு’ என்ற கட்டத்தில் டிக் போடுகிறார்.

நகராட்சி அலுவலகத்தில் மாடிப்படிக்குக் கீழே அவருடைய மேசை. புகார்ப் படிவத்தில் ஐந்தே கட்டங்கள்: சாலை, குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு, மரம்செடி. பேய்க்குக் கட்டம் கிடையாது. ஆனால் பேயைப் பார்த்தவர் பாவம் எங்கே போவார்? போலீசுக்குப் போனால் வாயை ஊதச் சொல்வார்கள். ஆகவே இங்கே வருகிறார்கள். அக்காவும் யாரிடமும் பேய் இல்லை என்று சொன்னதில்லை.

“இல்லன்னு சொன்னா சண்டைக்கு வருவாங்க சார். எந்தப் பிரிவுன்னு சொன்னா நிம்மதியாப் போயிடுவாங்க” என்பார் என்னிடம். “கொள்ளிவாய்ப் பிசாசு மின்பிரிவுக்காரங்க வேலை, கம்பியில பொறி பறக்கும். ஓட்டுமேல கல்லெறியிற குட்டிச்சாத்தான் மரம்செடி. கிளையை வெட்டிட்டா அது வேற வீடு பாத்துக்கும். மோகினி எப்பவுமே தெருவிளக்குதான். நல்ல வெளிச்சத்துல மோகினியைப் பாத்தவங்க யாராவது இருக்காங்களா, சொல்லுங்க.”

யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்து யாருமில்லை.

அக்காவுக்குத் தூசு ஆகாது. யாராவது பழைய கோப்பைப் பிரித்தால் தும்மல் தொடங்கிவிடும், ஒன்பதாவது தும்மலில்தான் நிற்கும். வரிசையில் இருப்பவர்கள் எண்ணிக்கொண்டே காத்திருப்பார்கள். பேய் என்றால் அவருக்கும் பயம்தான். “அதனாலதான் சார் சீக்கிரம் சரி பண்ணுங்கன்னு உயிரை வாங்கறேன்.” பேய்ப் புகார்களில் மட்டும் ‘பொதுமக்கள் அச்சம்’ என்று சிவப்பு மையில் எழுதி இரண்டு கோடு இழுப்பார். அப்புறம் ஒவ்வொரு பிரிவுக்கும் போன் போட்டு, “அண்ணே, அந்த மோகினி என்ன ஆச்சு?” என்று குடைந்தெடுப்பார். மூன்றாம் நாள் விளக்கு எரியும், மோகினி ஊரைக் காலி செய்துவிடும்.

இதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. என் வீட்டு வாசலில் சாக்கடை மூடி உடைந்து கிடக்கிறது. பதினோரு முறை மனு கொடுத்துவிட்டேன். பொறுத்துப் பார்த்து ஒருநாள், அந்தச் சாக்கடைக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வருவதாகச் சொன்னேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நிஜமாவே கையைப் பாத்தவங்க மனுவை இவ்வளவு ஒழுங்கா மடிச்சு எடுத்துட்டு வர மாட்டாங்க சார்.”

ஸ்டூலை அவர் வெளியே எடுக்கவே இல்லை. அது மேசைக்கு அடியில் கிடக்கும். தண்ணீர் வராதவர்களும் ரோடு குழியில் விழுந்தவர்களும் நின்றபடிதான் பேச வேண்டும். பயந்து வந்தவர்களுக்கு மட்டும் அக்கா அதைக் காலால் வெளியே தள்ளுவார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பத்திரிகையில் அந்தப் பெட்டிச் செய்தி வரும்வரை. மூக்கு முளைத்த கத்தரிக்காயின் படத்துக்குக் கீழே, ‘பேய் ஓட்டும் நகராட்சி!’ என்று போட்டிருந்தார்கள். புதிதாக வந்து மூன்று வாரமே ஆன ஆணையர் பத்திரிகையும் கையுமாகப் படியிறங்கி வந்தார்.

“இனிமே பேய், பிசாசுன்னு வர்றவங்களைத் திருப்பி அனுப்பிடுங்க. ஒரு புகார் பதிவானாலும் நீங்க பழைய ரெக்கார்டு ரூமுக்குப் போயிடலாம்.”

ரெக்கார்டு ரூமில் ஐம்பது வருடத் தூசு இருக்கிறது. அங்கே போனால் அக்காவின் தும்மலுக்கு ஒன்பதோடு முடியும் யோகமில்லை.

ஒரு வாரம் அக்கா சொன்னபடி நடந்தார். “கட்டம் இல்லம்மா” என்று ஒவ்வொருவராகத் திருப்பி அனுப்பினார். வியாழக்கிழமை, தையல் கம்பெனியில் இரண்டாம் ஷிப்ட் பார்க்கும் பெண் ஒருத்தி வந்தாள். வீட்டுக்குப் போகும் சந்தில் தினமும் ஏதோ நிற்கிறதாம். கட்டம் இல்லை என்றதும் அவள் சண்டை போடவில்லை.

“அப்ப வேலையை விட்டுடறேன்க்கா. வேற வழி இல்ல” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

பேனா மூடி அக்காவின் பல்லுக்கிடையிலேயே இருந்தது. எனக்கு ஆணையர் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. அந்தப் பெண் வாசலைத் தாண்டுவதற்குள் அக்கா மூடியைத் துப்பிவிட்டு, “ஏம்மா, இங்க வா” என்று கூப்பிட்டார். ஸ்டூல் வெளியே வந்தது. தெருவிளக்கில் டிக், சிவப்பு மை, இரண்டு கோடு.

வெள்ளிக்கிழமை ஆணையரின் அறைக்குப் பதிவேடு போனது.

திங்கட்கிழமை என் பன்னிரண்டாவது மனுவோடு நான் வரிசையில் நின்றேன். அக்கா தண்ணீர் பாட்டிலையும் ஹேர் கிளிப்புகளையும் பைக்குள் எடுத்துவைத்துவிட்டு, மூக்கில் கைக்குட்டையைக் கட்டிப் பழகிக்கொண்டிருந்தார். ஆணையர் படியிறங்கி வந்தார். வரிசை விலகி வழிவிட்டது. அக்கா பையைத் தோளில் மாட்டினார்.

ஆணையர் பதிவேட்டை மேசைமேல் வைத்தார். கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“அந்த குவார்ட்டர்ஸ்ல… பரண்மேல யாரோ நடக்கற மாதிரி இருக்காம். நான் இதெல்லாம் நம்பறவன் இல்ல. வீட்டுல சொல்றாங்க.”

சட்டைப் பையில் செருகியிருந்த அவருடைய மூக்குக் கண்ணாடி தலைகீழாக இருந்தது.

அக்கா கைக்குட்டையை அவிழ்த்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை, சிரிக்கவும் இல்லை. புதுப் படிவம் ஒன்றை எடுத்துப் பேனா மூடியைப் பல்லால் கழற்றினார். மேசைக்கு அடியில் அவருடைய கால் அசைந்தது. ஸ்டூல் மெல்ல வெளியே வந்தது.