பஸ்ஸில் படித்த குவைத் அரபி

கம்பத்திலிருந்து தேனிக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த நேரத்தில்தான் நான் குவைத் அரபி படித்தேன். அப்போது தேனியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸாக இருந்தேன். குவைத்தில் அதே வேலை பார்க்கும் என் சித்தி மகள், புத்தக அரபி அங்கே செல்லாது என்று, நோயாளிகள் பேசுகிற பேச்சைத் தினமும் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவாள்.

என் வார்டிலேயே வேலை பார்த்த தோழி உத்தமபாளையத்தில் ஏறுவாள். இயர்போனை ஆளுக்கு ஒரு காதில் மாட்டிக்கொள்வோம்.

"நீயும் குவைத்துக்கு வாறியாடி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பிள்ளைய விட்டுட்டு நான் எங்கன போக? ஒத்தையாப் படிச்சா ஒனக்கு மனசுல நிக்காதுல்ல, அதுக்குத்தேன் கூடப் படிக்கேன்."

சின்னமனூர் தாண்டியதும் பேசிப் பழகுவோம். அவள் நர்ஸ், நான் நோயாளி. "வேன் யவ்வரிச்?" என்பாள். எங்கே வலிக்கிறது? நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஹினி யவ்வர்னி" என்பேன். இங்கே வலிக்கிறது. மாற்றிக்கொள்வோமா என்று கேட்டால், "நீதேன் நல்லா நடிக்கிற, நீயே இரு" என்று சிரிப்பாள்.

சித்தி மகள் வேலை பார்க்கும் மருத்துவமனைக்கு மதுரையில் நேர்முகத் தேர்வு. குவைத்திலிருந்து வந்திருந்த பெண்மணி நோயாளிபோல் உட்கார்ந்து, என்னை விசாரிக்கச் சொன்னார். வாயைத் திறந்தேன். எனக்குத் தலை வலிக்கிறது, இடுப்பு வலிக்கிறது என்றுதான் வந்தது. அவர் சிரித்துவிட்டார்.

வெளியே வந்தால், வரிசையில் அவள். பிள்ளைக்குக் காய்ச்சல், நாளைக்கு லீவு என்று முந்தின நாள் என்னிடம் சொன்னவள். மடியில் ஃபைல். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

வேலை அவளுக்குக் கிடைத்தது. மறுநாள் பஸ்ஸில் கேட்டேன்.

"எப்பருந்துடி இந்த நெனப்பு?"

"மொதல்லருந்தே. சொல்லியிருந்தா ஒன் போன்ல என்னையக் கேக்க விட்ருப்பியா?"

"விட்ருப்பேன்."

அவள் நம்பவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அத்தனை மாதம் தோள் உரச உட்கார்ந்திருந்தவள் என்னை இவ்வளவுதான் எடைபோட்டிருக்கிறாள்.

அவள் போனபிறகு சித்தி மகள் போனில் சொன்னாள்: "ஒன் கூட்டுக்காரி அரபில வெளுத்து வாங்குறா. வார்டுல எல்லாரும் அவளத்தேன் கூப்புடுறாக." நடந்ததை நான் சொல்லவில்லை.

மறுபடி ஒரு நேர்முகத் தேர்வுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். இப்போது என் பக்கத்து சீட்டில் வருகிற பெண் நல்லவள்தான். இயர்போனைப் பார்த்து, என்ன கேட்கிறீர்கள் அக்கா என்றால், பாட்டு என்கிறேன்.