எனக்காக எழுதி வைத்திருந்த பாட்டு

கீமோ முடிந்ததும் நோயைப் பற்றி இங்கே கவிதை எழுதிப் போட்டேன். நீங்கள் யாரும் படிக்கவில்லை. மொட்டைத் தலையை வரைந்து போட்டேன். தர்பூசணியா என்று கேட்டீர்கள்.

கானாவாவது எடுபடும் என்று இன்று காலை கொருக்குப்பேட்டையில் எங்கள் தெரு சேகர் அண்ணனிடம் போனேன். சாவு வீடுகளில் கானா பாடுகிறவர்.

"அண்ணே, என் கேன்சரப் பத்தி ஒரு பாட்டு கட்டித் தரணும்."

"அத எப்பவோ கட்டி வச்சிகீறேன்மா."

நோட்டைத் திறந்து காட்டினார். என் பேர், என் இரண்டு பிள்ளைகள், நான் பிடிக்கும் குழாயடிச் சண்டை எல்லாம் இருந்தன. கடைசி வரியில் என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"நீ ஆஸ்பத்திரில படுத்துகினு இருந்தப்ப எழுதுனது. நீதான் பொழச்சிகினு வந்துட்ட."

"சரி, பாடிக் காட்டுங்க."

"ஆளு உசுரோட கீறப்ப பாடக் கூடாதும்மா. நோட்டு இங்கதான் கீது. நீயும் இங்கதான கீற."

படித்தவரையில், என் கவிதைகள் அத்தனையையும்விட நன்றாக இருந்தது. வயிறு எரிகிறது.

அவர் பாடுகிற அன்றைக்கு நீங்களாவது வந்து கேட்டுவிட்டு, மெட்டு எப்படி என்று கமெண்டில் போடுங்கள். பதில் வராவிட்டால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.