மூன்று கால் கதிரை

டோர்செட் பார்க்கிலிருந்து பிக்கரிங்குக்கு வீடு மாறிய அந்த நரைத்த தாடி எத்தியோப்பியர், சாமான் ஏற்றப் போன நாங்கள் எதைத் தூக்கினாலும் ஓடிவந்து மறுமுனையைப் பிடித்தார்.

புது வீட்டில், அவர் போர்வையில் சுற்றித் தந்த செதுக்குவேலை மரக்கதிரையைப் பிரித்ததும் என்னோடு வந்தவன் அலறினான்.

"ஐயோ அண்ணை, ஒரு காலைக் காணேல்லை!"

எனக்கு வியர்த்துக் கொட்டியது. லொறிக்குள்ளும் அடியிலும் தேடினோம். அவரும் குனிந்து தேடினார். கடைசியில்தான், "என்ன தேடுகிறோம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"உடைந்துபோன கால்."

"எங்கள் ஊரில் இதற்கு மூன்று கால்தான். ஒரே மரத்தில் குடைந்தது."

சிரித்தபடி என்னை அதில் இருத்தினார். கதிரை ஆடவில்லை. போன உயிர் திரும்பி வந்தது.

ஆனால் என்ன தொலைந்தது என்றே தெரியாமல் ஒரு மனிதர் எப்படி அவ்வளவு அக்கறையாய்த் தேடினார்?