உளுந்து, எள், மிளகாய்... அவ்வளவுதான்!

போன செவ்வாய்க்கிழமை காலை எட்டே முக்கால். சித்தூரில் என் வீட்டு டைனிங் டேபிளில் லேப்டாப்பைத் திறந்துவைத்து ஆர்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ்.

"பார்சல் நேத்து வந்துச்சு மேடம். எங்க பாப்பாவுக்கு வேர்க்கடலை அலர்ஜி. கடைப் பொடி எதுவும் கொடுக்க முடியாது. உங்க இட்லிப் பொடியில கடலை இல்லைன்னு பார்த்துதான் வாங்கினேன். இன்னைக்கு தோசைக்கு அதான். தேங்க்ஸ்!"

சந்தோஷப்பட வேண்டிய மெசேஜ்தான். நானோ அதை இரண்டாம் முறை படித்தேன். ஏனென்றால்... எங்கள் பொடியில் கால்வாசி வேர்க்கடலை!

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். நானும் தனலட்சுமியும் சேர்ந்து ஆன்லைனில் பொடி, தொக்கு விற்கிறோம். தனம் நகரி பக்கத்து விவசாயக் குடும்பம். அவள் என் வீட்டுக்கு வந்து வறுத்து அரைப்பாள். நான் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்வேன்.

அந்த மெசேஜுக்குப் பத்து நாள் முன்பு ஒரு கன்சல்டன்ட் வீடியோ காலில் வந்தார். "ஒவ்வொரு பொருளுக்கும் இவ்ளோ எழுதினா யாரும் படிக்க மாட்டாங்க மேடம். குறைங்க" என்றார். எழுதுகிறவளிடம் சுருக்கி எழுதச் சொன்னால் கசக்குமா? ஒரே நாளில் எல்லாவற்றையும் வெட்டினேன். பொடிக்கு முன்பு ஆறு வரி இருந்தது. அதை இப்படி மாற்றினேன் — "உளுந்து, எள், மிளகாய்... அவ்வளவுதான்!"

படிக்க எவ்வளவு அழகாக இருக்கிறது, இல்லையா? பாட்டிலில் ஒட்டும் லேபிளிலும் அதையே போட்டேன். அந்த 'அவ்வளவுதான்' கன்சல்டன்ட் சொன்னதல்ல. என் சொந்தச் சரக்கு.

மெசேஜ் எட்டு பத்துக்கு வந்திருந்தது. "கொடுக்காதீங்க! அதில் கடலை இருக்கு!" என்று அடித்தேன். ஒரே ஒரு டிக், போய்ச் சேரவில்லை. போன் செய்தேன். ஸ்விட்ச்டு ஆஃப்.

ஆர்டரில் அவர் கணவருடைய நம்பரும் இருந்தது. ரிங் போனது... எடுக்கவில்லை. மெசேஜ் அனுப்பிய அம்மாவின் பெயர் ரேவதி. முகவரி திருப்பதி.

சமையலறையிலிருந்த தனத்தைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே போட்டாள்.

"இன்னாக்கா சொல்ற? கடலை போட்டுக்கீறோமே! எழுதலையா நீ?"

கார் சாவியை எடுத்தேன்.

எழுபது கிலோமீட்டர். நான் ஓட்டினேன். தனம் பக்கத்தில் உட்கார்ந்து அந்த இரண்டு நம்பரையும் மாற்றி மாற்றி அடித்துக்கொண்டே வந்தாள். ஏசி ஓடியும் வியர்வை. ஒரு குழந்தையின் தொண்டை அடைத்துக்கொள்வதையே மனசு திரும்பத் திரும்பக் காட்டியது. முகம் தெரியாத குழந்தை. அதனாலேயே என் பேத்தியின் முகம் வந்து வந்து நின்றது.

சந்திரகிரி தாண்டும்போது கணவர் எடுத்தார். "எவரண்டி?" என்று தெலுங்கில் யாரெனக் கேட்டார். தனம், "பொடி அனுப்பினவங்க சார். பாப்பா துன்னுச்சா?" என்று கேட்டாள்.

"ஆஸ்பத்திரியில கீறோம்மா" என்றார். லைன் கட்டாகிவிட்டது.

உயிரோடு இருக்கிறதா, இல்லையா? அதைக் கேட்பதற்குள் கட்டாகிவிட்டது. காரை ஓரமாக நிறுத்தினேன். ஒரு நிமிஷம் என்னால் கியர் போட முடியவில்லை.

ஆர்டர் முகவரிக்குப் போனோம். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டம்மா தெருமுனையில் இருந்த சின்ன ஆஸ்பத்திரியைக் கைகாட்டினார்.

மாடியில் மூன்றாவது கட்டில். அஞ்சு வயசுப் பெண். முகம் வீங்கி, கண் இரண்டும் கோடாகியிருந்தன. மூக்கில் ஆக்சிஜன். ஆனால் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தனம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஊசி போட்டாச்சு. சரியான நேரத்துல தூக்கிக்கினு வந்துட்டாங்க. நாளை வரைக்கும் வெச்சுப் பார்க்கணும்" என்றார் நர்ஸ்.

கட்டில் ஓரத்தில் ரேவதி. நான் யாரென்று சொன்னேன். கத்துவார், அடிக்கக்கூடச் செய்வார் என்று நினைத்தேன். அவர் குரலே உயரவில்லை.

"மூணு வாட்டி படிச்சேன் மேடம். கடலைன்னு எங்கியும் இல்ல. அவ்வளவுதான்னு வேற போட்டுக்கீறீங்க. அதை நம்பித்தான் நானே ஊட்டினேன். ரெண்டாவது வாய்க்கே உதடு வீங்கிச்சு..."

நானே ஊட்டினேன். அதைச் சொல்லும்போதுதான் அழுதார். என் வரியை நம்பியதற்காக ஒரு தாய் தன்னையே குற்றவாளியாக்கிக்கொண்டிருந்தார்.

"தப்பு உங்களோடது இல்லம்மா, என்னோடது" என்றேன். அவர் தலையசைத்தார். மன்னித்தாரா? தெரியாது. கேட்கவும் தைரியம் இல்லை.

மறுநாள் மதியம் குழந்தையை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நன்றாக இருக்கிறாள். அதை இங்கே எழுதும் வரை நானும் சரியாக மூச்சுவிடவில்லை.

கடையை அன்றைக்கே மூடினேன். ஒவ்வொரு பொருளிலும் என்னென்ன சேர்கிறது என்று தனம் சொல்லச் சொல்ல, ஒன்றுவிடாமல் எழுதினோம். கடலை எண்ணெய், பெருங்காயம், அதே மிக்ஸியில் முந்திரி அரைப்பது வரை. வெப்சைட் பக்கம் பார்க்க அசிங்கமாக, நீளமாக இருக்கிறது. இருக்கட்டும்.

ரேவதி வீடு போக, புது லேபிளோடு பொடி போன வீடுகள் முப்பத்தெட்டு. எல்லோருக்கும் போன் செய்தோம். நிறையப் பேர் சிரித்தார்கள். "கடலை இல்லாம பொடியா மேடம்? இதுக்கா போன் பண்றீங்க?" என்றார்கள். அவர்கள் சிரிக்கச் சிரிக்க எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பயம் இறங்கியது.

முழுதாக இறங்கவில்லை. முப்பத்தேழு பேர் எடுத்துவிட்டார்கள். ஓசூரிலிருந்து ஆர்டர் போட்ட ஒருவர் மட்டும் இன்னும் எடுக்கவில்லை. மெசேஜுக்கும் பதில் இல்லை. கூரியரில் ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறேன்.

இதைப் படிப்பது நீங்கள்தான் என்றால் — பாட்டிலைத் திறக்காதீர்கள்... தயவுசெய்து போனை எடுங்கள்.