மணி அடித்தால் உள்ளே வருவார்கள்

எங்கள் செயலாளர் சந்தோஷமாக இருந்தால் என்னை "ஏம்மா" என்பார். கோபம் வந்தால் "மேடம்" என்பார். அன்று "மேடம்" என்றார்.

"மேடம், நீங்க இன்னா பயர் ஆபீஸரா? கணக்கப் பாருங்க, ரூம் குடுங்க. கதவ நான் பாத்துக்கறேன்."

திருவண்ணாமலைக் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது நான் வேலை பார்த்த யாத்ரீகர் சத்திரம். ஊர் மாவட்டத் தலைநகரம் ஆன வருஷம் அங்கே சேர்ந்தேன். மாடியில் ஒரு நீளமான கூடம், அதையொட்டி அறைகள். கூடத்தின் ஒரு கோடியில் கீழே இறங்கும் படி. அந்தப் படிக்கு அடியில்தான் சமையலறை, சிலிண்டர் எல்லாம். இன்னொரு கோடியில் ஒரு கதவு. அதைத் திறந்தால் வெளியே இரும்புப் படி, நேராகச் சந்தில் இறங்கிவிடலாம். ஆனால் அந்தக் கதவில் எப்போதும் பூட்டுத் தொங்கும். திறந்து வைத்தால் பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிற கூட்டம் காசு கட்டாமல் ஏறிவிடும், குழாயைக் கூடக் கழற்றிக்கொண்டு போய்விடும் என்பது செயலாளரின் கட்சி. அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஆனால் ஒரு பௌர்ணமியன்று கூடத்தில் ஒரு அம்மாள் பாயில் அகல் ஏற்றி வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே தூங்கிப் போனார். புடவைத் தலைப்பு விளக்குக்கு ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. நான் விளக்கை அமர்த்திவிட்டு நிமிர்ந்தேன். கூடம் முழுக்க ஆள். படி முழுக்க ஆள். கோடியில் பூட்டு. மறுநாள் போய்ச் சொன்னபோதுதான் அந்த "பயர் ஆபீஸரா" என்ற கேள்வி வந்தது.

கேள்வி நியாயமானதுதான். எனவே பதிலைத் தேடிப் போனேன்.

செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம், வெளிநாட்டுக்காரர்களுக்காக அப்போது வரிசையாக பிரவுசிங் சென்டர்கள் முளைத்திருந்தன. சத்திரத்து மின்னஞ்சல் பார்க்க வாரத்துக்கு ஒருமுறை அங்கே போவேன். அங்கேதான் கடல் கடந்த ஒரு கல்லூரியின் ஆன்லைன் கோர்ஸ் கண்ணில் பட்டது. பாடம்: தீத்தடுப்பு. பதினாறு வாரப் பாடத்தை எட்டே வாரத்தில் முடிக்கும் துரித வகுப்பு. பெட்டியில் தூங்கிக்கொண்டிருந்த என் பி.எஸ்ஸி. வேதியியலை எழுப்பி விண்ணப்பித்தேன். கட்டணத்தைப் பற்றி எழுதப் போவதில்லை, அது தனி அழுகை.

என் கணவர் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் கிளார்க். இரண்டு இட்லிக்கு நடுவே நிதானமாகக் கேட்டார்.

"அந்தக் கதவத் தொறக்க ஒரு படிப்பா? பூட்ட ஒடச்சிட்டு வந்துடேன், செலவு கம்மி."

"ஒடச்சா அடுத்த நாள் வேற பூட்டு மாட்டுவாருங்க. அவரே தொறக்கணும்."

"நீ புடிச்ச முயலுக்கு மூணே கால்" என்று சொல்லிவிட்டு, சட்னி போடச் சொன்னார்.

கூடப் படித்தவர்கள் எல்லாரும் ஏதேதோ ஊர்களில் தீயணைப்பு வண்டியில் தொங்கிக்கொண்டு போகிற தடியாட்கள். பாடம் முழுக்கக் கணப்பு அடுப்பும் துணி உலர்த்தும் இயந்திரமும். எங்கள் ஊரில் வெயிலே துணியை வறுத்துவிடும். வாரம் இரண்டு பரீட்சை, அதுவும் கடிகாரம் ஓட ஓட. நான் மூன்றாவது கேள்வியில் இருக்கும்போது கரண்ட் போகும். பக்கத்து நாற்காலியில் அரட்டை அடித்துக்கொண்டிருந்த பையன்கள் "போச்சுடா" என்று எழுந்து டீ குடிக்கப் போவார்கள். எனக்கு அழுகை வரும், அழமாட்டேன். இன்னொரு வாய்ப்புக் கேட்டு ஆசிரியருக்கு எழுதுவேன். அவர் ஓய்வுபெற்ற தீயணைப்பு அதிகாரி, முகம் பார்த்ததில்லை. மூன்றாவது முறை எழுதியபோது, "உங்கள் ஊரில் மின்சாரம் எந்த நேரம் இருக்கும் என்று சொல்லுங்கள், பரீட்சையை அந்த நேரத்துக்கு வைக்கிறேன்" என்று பதில் போட்டார். அது எங்கள் மின்வாரியத்துக்கே தெரியாது என்று எழுதினேன்.

ஒருமுறை, உங்கள் கட்டடத்தில் திறந்த தீ எங்கெல்லாம் இருக்கிறது என்று கேட்டார். கற்பூரம், ஊதுவத்தி, அகல், நெய் விளக்கு, குத்துவிளக்கு, யாத்ரீகர்கள் கொண்டுவரும் பம்பு ஸ்டவ், சாம்பிராணிக் கரண்டி என்று எழுதி அனுப்பினேன். இது ஒரு கட்டடமா, ஊரா என்று கேட்டார். எல்லாவற்றையும் தடை செய்துவிடலாமே என்றும் சொன்னார். மலையையே நெருப்பு என்று சொல்லிக் கும்பிடுகிற ஊர் ஐயா இது, தடை போட்டால் முதலில் என்னைத்தான் ஊரைவிட்டுத் துரத்துவார்கள், எனக்குக் கதவு ஒன்று திறந்தால் போதும் என்று பதில் எழுதினேன்.

கடைசி வாரம் செய்முறை. கட்டடத்தில் இருப்பவர்களை வெளியேற்றிப் பார்க்கும் ஒத்திகை நடத்தி அறிக்கை அனுப்ப வேண்டும். பாஸாவதும் ஃபெயிலாவதும் அதில்தான். செயலாளரிடம் கேட்டேன். வந்திருக்கிறவர்கள் காதில் "தீ" என்ற வார்த்தை மட்டும் விழக்கூடாது, சத்திரத்துக்கு அபசகுனம் என்ற நிபந்தனையோடு சம்மதித்தார். அவரே ஒரு பெரிய பித்தளை மணியும் தந்தார்.

தர்மபுரிப் பக்கத்திலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். மணி அடித்தால் எல்லாரும் வெளியே போகணும் என்று காலையிலேயே சொல்லி வைத்தேன். தலையாட்டினார்கள். பத்து மணிக்குக் கூடத்தின் நடுவே நின்று ஓங்கி அடித்தேன்.

அறைகள் எல்லாம் திறந்தன. ஈரத்தலையோடு வந்தார்கள், சட்டையைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள். யாரும் வெளியே போகவில்லை. நேரே என்னிடம் வந்தார்கள். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம் வரிசை கட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் பதறிப்போய் இன்னும் வேகமாக அடித்தேன். தீபாராதனை உச்சத்துக்கு வந்துவிட்டது என்று நினைத்து ஒரு அம்மாள் மடியிலிருந்து கற்பூரத்தை எடுத்து என் காலடியில் ஏற்றினார். செயலாளர் கீழிருந்து ஓடிவந்து அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். என் தீத்தடுப்பு ஒத்திகையில் எரிந்த ஒரே தீ, நான் மணி அடித்து வரவழைத்தது.

மறைக்காமல் அப்படியே எழுதி அனுப்பினேன். ஒத்திகை செல்லாது, திரும்ப நடத்துங்கள் என்றார் ஆசிரியர். வேறு எந்த அர்த்தமும் இல்லாத ஓசையைத் தேர்ந்தெடுங்கள் என்று அறிவுரை வேறு. திருவண்ணாமலையில் அப்படி ஓர் ஓசைக்கு நான் எங்கே போவேன்? மணி என்றால் பூஜை. சங்கு என்றால் பூஜை, இல்லாவிட்டால் சாவு. பறை, உறுமி எல்லாவற்றுக்கும் ஆள் உண்டு. இரண்டு நாள் இதே யோசனையாக இருந்தேன். மூன்றாம் நாள் பஸ் ஸ்டாண்டைக் கடக்கும்போது ஒரு கண்டக்டர் விசில் ஊதினார். டீக்கடையில் நின்றவர்கள் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அர்த்தமில்லாத ஓசை எதற்கு? சரியான அர்த்தம் உள்ள ஓசை இருந்தால் போதுமே.

அடுத்த கூட்டம் விழுப்புரத்துப் பக்கம். இந்த முறை நான் மாடியில் பூட்டிய கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன், அங்கிருந்து பார்த்தால்தான் கூடம் முழுக்கத் தெரியும். என்ன கூத்து என்று பார்க்கச் செயலாளரும் மேலே வந்து படித் தலைப்பில் நின்றிருந்தார். கண்டக்டர் மாதிரியே இரண்டு தரம் ஊதினேன்.

"பஸ்ஸு கெளம்புது!" என்று யாரோ கத்தினார்கள். அவ்வளவுதான். மூட்டை, தூக்குவாளி, சுருட்டிய பாய், குழந்தை, பிரசாதக் கூடை என்று எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு அத்தனை பேரும் முன்படிக்குப் பாய்ந்தார்கள். மூட்டையை விட்டுவிட்டு வரச் சொன்ன என் குரல் யார் காதிலும் ஏறவில்லை. படித் தலைப்பில் இரண்டு பெரிய பைகள் குறுக்கே மாட்டிக்கொண்டன. பின்னால் இருந்தவர்கள் முட்டினார்கள். நடுவில் செயலாளர். முன்னேயும் நகர முடியாது, பின்னேயும் வர முடியாது. தலை மட்டும் தெரிந்தது. அந்தத் தலை என் பக்கம் திரும்பியது.

"ஏம்மா! அந்தக் கதவத் தொறங்க! தொறங்கம்மா!"

"சாவி உங்க இடுப்புலதாங்க இருக்கு!" என்றேன்.

அவரால் கையை இறக்கக்கூட முடியவில்லை. பைகள் ஒருவழியாக விடுபட்டுக் கூட்டம் ஒவ்வொருவராகக் கீழே இறங்கியது. யாருக்கும் அடிபடவில்லை, ஒரு புளியோதரைப் பொட்டலம்தான் போயிற்று. செயலாளர் கீழே போகவில்லை. வியர்வையைக் கூடத் துடைக்காமல் கூடத்தின் இந்தக் கோடிக்கு வந்து, சாவிக்கொத்தை எடுத்துப் பூட்டில் போட்டுத் திருப்பினார்.

சாவி திரும்பவில்லை. பலம் கொண்டமட்டும் திருப்பினார். தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து விட்டேன். அப்போதும் அசையவில்லை. மழையிலும் வெயிலிலும் துருவேறி எப்போதோ செத்துப்போன பூட்டு அது.

நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. சாவியாவது அவரிடம் இருக்கிறது, ஆபத்து என்றால் ஓடிவந்து திறந்துவிடுவார் என்று எனக்கும் உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை இருந்திருக்கிறது. எத்தனை பௌர்ணமிக்கு எத்தனை பேரை இந்தக் கூடத்தில் படுக்க வைத்திருக்கிறேன். அவரும் அதையேதான் நினைத்திருப்பார், முகத்தில் ரத்தமே இல்லை. கீழே போய்ச் சிதறுகாய் உடைக்கிற கல்லைத் தூக்கிக்கொண்டு வந்து அவரே அடித்தார். நாலாவது அடியில் பூட்டு கழன்று விழுந்தது.

கோர்ஸில் பாஸானேன். விசிலுக்காக ஆசிரியர் கொஞ்சம் மதிப்பெண்ணைக் கம்மி செய்தார். நான் வாதாடிப் பார்த்தேன், மனிதர் மசியவில்லை.

அதற்கடுத்த பௌர்ணமி. மத்தியானமே கூட்டம் வந்துவிட்டது. சாயங்காலம் நடக்கப் போகிறவர்கள் அதற்குள் ஒரு தூக்கம் போட்டுவிட வேண்டும் என்று பார்ப்பார்கள். கதவு திறந்திருந்ததால் மலைக்காற்று சிலுசிலுவென்று வந்தது. காற்று வருகிற இடத்தில் ஜனம் படுக்காமல் இருக்குமா? கதவு வாசலிலும் இரும்புப் படியிலும் தலைமாடு கால்மாடாக நெருக்கி அடித்துப் படுத்துவிட்டார்கள். வழி திறந்த பிறகு வந்த முதல் பௌர்ணமியிலேயே வழி அடைத்துக்கொண்டது. ஒவ்வொருவராக எழுப்ப ஆரம்பித்தேன்.

"இன்னாங்க நீங்க, கதவத் தொறந்து வெச்சிட்டுப் படுக்காதன்னா எப்படிங்க?" என்று ஒரு பெண் சண்டைக்கு வந்தாள்.

"இது காத்து வர்றதுக்கில்லம்மா. நீங்க வெளிய போறதுக்கு."

"இப்பத்தான வந்தோம்? ஏன் போவணும்?"

அதற்குள் படியின் கீழே பேச்சுக் குரல் கேட்டது. செயலாளர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கீழ்ப்படியிலிருந்து ஆட்களை எழுப்பியபடி மேலே ஏறி வந்துகொண்டிருந்தார். துண்டால் முகத்தை மூடிப் படுத்திருந்த ஒருவர் அசையாமல் கேட்டார்.

"இன்னா சார், நெருப்பா புடிச்சிருக்கு?"

செயலாளர் வாயால் அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை.

"நெருப்புப் புடிச்சப்புறம் எழுப்பினா நீ எழுந்திருக்க மாட்டப்பா. இப்ப எழுந்திரு" என்றார்.